அலசிவிட்ட கொடுவா

கடல் இல்லாத ஊரில் பிறந்தவன் கடலைப் பற்றி வாயைத் திறக்கக் கூடாது. அதிலும் கல்யாணப் பேச்சு பாதியில் நிற்கும்போது, பெண்ணைப் பெற்றவர்கள் தூத்துக்குடிக்காரர்களாக இருந்துவிட்டால், வாய்க்கு ஒரு பூட்டே வாங்கிப் போட்டுக்கொள்ளலாம். நான் பூட்டு வாங்கவில்லை. அதற்குப் பதிலாக நிறையப் பாக்கெட் வைத்த பேன்ட் ஒன்று வாங்கினேன். அந்தப் பேன்ட் இப்போது வங்காள விரிகுடாவின் சேற்றுக்குள் எங்கோ இருக்கிறது.

எங்கள் குடும்பம் வெள்ளைக்காரன் காலத்தில் வேலூர்ப் பக்கத்திலிருந்து செகந்திராபாத்துக்கு வந்தது. அதற்குப் பிறகு கடல் பக்கம் யாரும் தலைவைத்துப் படுக்கவில்லை. லோத்குண்டாவில் வீடு, திருமுல்கேரியில் கடைத்தெரு, அப்பாவுக்கு டி.வி., எனக்கு சாப்ட்வேர் கம்பெனி. எங்களுக்குத் தெரிந்த பெரிய தண்ணீர் ஹுசைன் சாகர்தான். அதையும் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் பார்க்கப் போவோம்.

சுபா என்னோடு வேலை பார்த்தாள். பிடித்துப்போனது. (எனக்கு அவளை. அவளுக்கு என்னைப் பிடிக்கச் சற்று நாளானது, அது வேறு கதை.) என் வீட்டில் பிரச்சினை இல்லை. அவளுடைய அப்பா அம்மா மட்டும், "மொதல்ல வந்து பாத்துட்டுப் போறோம். ஊருக்குப் போயி யோசிச்சுச் சொல்லுதோம்" என்று சொல்லி ரயிலேறி வந்தார்கள். அந்த யோசனையில்தான் என் வாழ்க்கை தொங்கிக்கொண்டிருந்தது.

அவளுடைய அப்பா செல்லத்துரை மின்சார வாரிய அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தோளில் துண்டு, வாயில் "சரி" என்ற ஒரே சொல். அம்மா ராஜகனி அதற்கு நேர் எதிர். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே எங்கள் வீட்டுச் சமையலறையின் திசையைக் கண்டுபிடித்துவிட்டார்.

கடற்கரைக்காரர்கள் வருகிறார்களே என்று என் அம்மா அரும்பாடுபட்டு வஞ்சிரம் வாங்கிக் குழம்பு வைத்திருந்தாள். ராஜகனி ஆன்ட்டி ஒரு துண்டை எடுத்தார். விரலால் அமுக்கினார். முகர்ந்தார்.

"இது எப்ப வாங்குனது?"

"நேத்துதாங்க. சண்டேன்னா ஃப்ரெஷ்ஷா வரும்" என்றாள் அம்மா பெருமையாக.

"நீங்க வாங்குனது நேத்து, சரி. அது செத்தது என்னைக்கு?"

அம்மாவின் முகம் சுருங்கியது. அப்பா டி.வி.யில் சத்தத்தைக் கூட்டினார். செல்லத்துரை அங்கிள் யாரும் கேட்காமலே "சரி" என்றார். சுபா மேஜைக்கு அடியில் என் காலை மிதித்தாள். பேசாதே என்று அர்த்தம். நான் அதைப் பேசு என்று எடுத்துக்கொண்டேன்.

"ஆன்ட்டி, இந்த சனிக்கிழமை உங்களை மீன் பிடிக்கவே கூட்டிட்டுப் போறேன். உயிரோட பாருங்க. நீங்களே பிடிங்க."

பிறகு சமையலறையில் அம்மா என்னைப் பிடித்தாள். "கைக்குடா உனக்கு இந்த வேல? பக்கெட்ல தண்ணி நெறய இருந்தாலே தள்ளி நிப்ப நீ. நக்கோ. ஹுசைன் சாகர் டாங்க்பண்டுக்குக் கூட்டிட்டுப் போ, போட்ல ஒரு சுத்து சுத்து, ஐஸ்கிரீம் வாங்கிக் குடுத்து அனுப்பு." (எங்கள் ஊர்த் தமிழில் ஹைதராபாத் உருது கலந்திருக்கும்: கைக்கு என்றால் எதற்கு, நக்கோ என்றால் வேண்டாம், ஹவ் என்றால் ஆமாம்.)

"ஹவ் மா, எனக்குத் தெரியும், நீ சும்மா இரு" என்றேன். எனக்கு ஒன்றும் தெரியாது.

போனில் தேடியதில் ஆந்திரக் கடற்கரையில் பாபட்லா பக்கம் ஒரு இடம் கிடைத்தது. கழிமுகத்தில் படகு, தூண்டில், வழிகாட்டி, தங்க ஒரு குடில், எல்லாம் அவர்களே தருவார்கள். அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது: பிடிக்கும் மீன்களைப் படம் எடுத்துக்கொண்டு கடலிலேயே விட்டுவிட வேண்டும். படித்தேன். படித்துவிட்டு, மீன் மாட்டினால்தானே இந்தப் பிரச்சினை, நான் போகிற படகில் எந்த மீன் மாட்டப்போகிறது என்று பதிவு செய்துவிட்டேன். என்மேல் எனக்கு அவ்வளவு நம்பிக்கை.

சுபாவுக்கு அந்த வாரம் ஆபீசில் வேலை. "எங்கம்மா பேச்சுக்குப் பேச்சு பேசாத. எங்கப்பா பேசலைன்னா பயப்படாத" என்று சொல்லி ரயிலேற்றிவிட்டாள். தனியாக இரண்டு பேரிடமும் மாட்டிக்கொண்டேன்.

காலையில் குடிலுக்குப் போய்ச் சேர்ந்தபோது வழிகாட்டி கிரண் எங்களை வரவேற்றான். தொப்பி, கறுப்புக் கண்ணாடி, கழுத்திலிருந்து மூக்குவரை துணி, கைக்கு உறை. வெளியே தெரிந்தது காதுகள் மட்டும்தான். விசாரித்தால் அவனும் ஹைதராபாத், குஷாய்குடா. என்னைப் போலவே கம்ப்யூட்டர் தட்டிக்கொண்டிருந்தவன், தூண்டில் வீடியோ பார்த்துப் பார்த்துக் கடைசியில் வேலையை விட்டுவிட்டு வந்திருக்கிறான். அவனுக்குத் தமிழ் தெரியாது. இவர்களுக்குத் தெலுங்கு தெரியாது. நடுவில் நான். அன்றைய என் உத்தியோகம் அங்கேதான் ஆரம்பித்தது.

கிரண் தின்பண்டம் வைப்பதுபோல வாசலில் ஒரு வாளியை வைத்துவிட்டுப் படகைப் பார்க்கப் போனான். நான் குளிக்கப் போனேன். திரும்பி வரும்போது குடிலெங்கும் மிளகாய்த்தூளும் பூண்டும் மணக்க, ராஜகனி ஆன்ட்டி தட்டில் இறால் தொக்கு வைத்துக்கொண்டு நின்றார். (அவர் எங்கே போனாலும் பையில் சொந்த மிளகாய்த்தூள் போகும்.)

"வந்ததும் வராததுமா வாளி நெறய உசிரோட எறா குடுத்திருக்கான் தம்பி. தங்கமான புள்ள. அந்தச் சமையல்கார அம்மாட்ட அடுப்பக் கேட்டு நானே பொரட்டிட்டேன். சாப்பிடுங்க."

சாப்பிட்டேன். இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டேன். என் வாழ்க்கையில் அப்படியொரு இறாலைத் தின்றதில்லை. விரலைச் சூப்பிக்கொண்டிருந்தபோது கிரண் வந்து காலி வாளியைப் பார்த்தான்.

"அன்னா, தூண்டிலுக்கு வெச்ச இறா எங்க?" என்று தெலுங்கில் கேட்டான்.

நான் தட்டைப் பார்த்தேன். அவனும் தட்டைப் பார்த்தான்.

"மீனுக்கு வெச்ச இரையைத் தின்னுட்டாங்களா? இவங்க மனுசங்களா, கொக்கா?"

"என்ன சொல்லுதான்?" என்றார் ஆன்ட்டி.

"வாசனை தூக்குதாம் ஆன்ட்டி. உங்க கைமணம் மாதிரி வராதுங்கறான்."

செல்லத்துரை அங்கிளுக்கு இருமல் வந்தது. மிளகாய் புரையேறிவிட்டது என்று தண்ணீர் கொடுத்தேன்.

எல்லோரும் மிதவைச் சட்டை மாட்டிக்கொண்டதும் படகு கிளம்பியது. படகோட்டி காதில் ஒயரை மாட்டிக்கொண்டு யாருடனோ சண்டை போட்டபடியே ஓட்டினார். கழிமுகத்தைத் தாண்டும்போது அலை சற்றுத் தூக்கிப்போட்டது. நான் தின்ற இறாலெல்லாம் மறுபடி உயிர் பெற்று மேலே ஏறப் பார்த்தது. அங்கிளைப் பார்த்தேன். படகின் விளிம்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தார்.

"உங்களுக்கென்ன அங்கிள், பழக்கம்தானே" என்றேன் பொறாமையோடு.

அவர் ஒரு கண்ணை மட்டும் திறந்தார். "எங்க ஊருல கடல் இருக்கு தம்பி. அதுக்காகக் கடலுக்குள்ளயா குடியிருக்கோம்? நான் படகுல ஏறுறது இதுதான் மொத தடவ."

அவரையும் பயமுறுத்தி, என்னையும் பயமுறுத்தி, எதற்காக இந்தப் பிழைப்பு என்று எனக்குப் பட்டது. ஆனால் ஆன்ட்டி முன்னால் காற்றுக்கு முகத்தைக் கொடுத்து ராணிபோல உட்கார்ந்திருந்தார். படகைத் திருப்பச் சொல்ல எங்கள் இரண்டு பேருக்கும் தைரியமில்லை.

இரை எங்கள் வயிற்றில் இருந்ததால் கிரண் பிளாஸ்டிக் மீன்களை எடுத்துத் தூண்டிலில் மாட்டினான்.

"பிளாஸ்டிக்கக் காட்டி மீன ஏமாத்தப் போறானாக்கும்? எங்க ஊரு மீனு இதப் பாத்தா சிரிக்கும். மூஞ்சிய மூடிட்டு வந்திருக்கானே, இந்த வெக்கத்துலதான்" என்றார் ஆன்ட்டி.

"அம்மா என்ன சொல்றாங்க?" என்றான் கிரண்.

"பிரமாதமான ஐடியாவாம்."

அவன் மகிழ்ந்துபோய், "அது சரி, கொஞ்சம் மெதுவாப் பேசச் சொல்லு அன்னா. இந்தத் தொண்டைக்கு மீனெல்லாம் சிலோனுக்கு ஓடிடும்" என்றான்.

"ஆன்ட்டி, உங்க குரல் கணீர்னு இருக்காம்."

"சின்ன வயசுல கோயில்ல பாடுவேன்னு சொல்லுங்க."

அங்கிளுக்கு மறுபடி இருமல். துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு கடலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். பாவம், குமட்டுகிறது என்று நினைத்தேன்.

நான் முதல்முறை தூண்டிலை வீசினேன். அது என் தொப்பியை எடுத்துக்கொண்டு போனது. அதற்கு மேல் என்னிடம் தூண்டில் தரப்படவில்லை. வெறும் மொழிபெயர்ப்பு மட்டும் போதும் என்றான் கிரண். இப்படியே வெயில் ஏறியது. ஒரு மீனும் மாட்டவில்லை. என் கணக்கு சரியாகப் போய்க்கொண்டிருந்தது.

அப்போது ஆன்ட்டியின் தூண்டில் வளைந்தது.

"ஏங்க! ஏங்க! இழுக்கு!" என்று அவர் எழுந்து நின்றுவிட்டார். கிரண் பாய்ந்து அவருடைய மிதவைச் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டான். படகோட்டி முதல்முறையாக போனை வைத்தார். கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் மீன், இந்தப் பக்கம் ஆன்ட்டி. மீனுக்கு எதிராளி யார் என்று தெரிந்திருந்தால் முதலிலேயே விட்டுக்கொடுத்திருக்கும். கடைசியில் வலைக்குள் வெள்ளியாக மின்னிக்கொண்டு வந்து விழுந்தது. என் கை நீளத்துக்குக் கொடுவா.

"கொடுவா! கொடுவா!" என்று ஆன்ட்டி கத்தினார்.

"பண்டுகப்பா! பண்டுகப்பா!" என்று கிரண் கத்தினான். அதை மட்டும் யாரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

படங்கள் எடுத்தார்கள். ஆன்ட்டிக்கு மூச்சு வாங்கியது, கண் கலங்கியிருந்தது. என் தோளைத் தட்டினார். "தம்பி, இதை அப்பிடியே ஐஸுல போட்டு உங்க வீட்டுக்குக் கொண்டு போறோம். தலைய உங்கம்மாகிட்ட குடுத்துக் கொழம்பு வைக்கச் சொல்லணும். அன்னைக்கு நான் வெடுக்குன்னு சொல்லிட்டேன். அவுக மூஞ்சி வாடிப்போச்சு. ராத்திரியெல்லாம் எனக்கு ஒரு மாதிரி இருந்துச்சு. ரெண்டு பேரும் ஒண்ணா உக்காந்து சாப்பிட்டா சரியாப் போயிரும்."

எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. என் கல்யாணம் படகின் நடுவில் செவுளை அசைத்துக்கொண்டு கிடந்தது. சொன்னால் நம்பமாட்டீர்கள், அந்த மீனைப் பார்த்து நான் கைகூப்பினேன்.

அப்போதுதான் கிரண் அதைத் தூக்கி வாய் விளிம்பைப் பிடித்துக்கொண்டு படகின் ஓரத்தில் குனிந்தான். எனக்கு அந்தப் பொடி எழுத்து வரி ஞாபகம் வந்தது.

"கிரண், கொஞ்சம் இரு. இந்த ஒண்ணை மட்டும்..." என்று தெலுங்கில் கெஞ்சினேன்.

"நக்கோ அன்னா. எங்க ரூல் அதுதான். படம், அப்புறம் விட்டுடணும். நீதான் ஓகே போட்ட." அவன் மீனைத் தண்ணீருக்குள் வைத்து முன்னும் பின்னுமாக மெதுவாக ஆட்டினான். களைத்துப்போன மீனுக்கு மூச்சு திரும்புவதற்காக அப்படிச் செய்வார்களாம்.

"என்ன பண்ணுதான்?" என்றார் ஆன்ட்டி.

உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அவர் அவனைத் தள்ளிவிட்டு மீனைப் பறித்திருப்பார், நான் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். என் வாய்க்கு அன்று முழுக்கப் பழகிப்போன பாதையில்தான் போகத் தெரிந்தது.

"அலசுறான் ஆன்ட்டி. ஐஸ்ல வைக்கறதுக்கு முன்னாடி கடல் தண்ணியில ஒரு தடவை அலசிடுவாங்களாம்."

ஆன்ட்டிக்கு முகமெல்லாம் திருப்தி. "சுத்தமான புள்ள. நல்லா செவுளுக்குள்ள அலசச் சொல்லுங்க."

"என்ன சொல்றாங்க?" என்றான் கிரண்.

"ரொம்ப அன்பா விடச் சொல்றாங்க" என்றேன், அழுகையை அடக்கிக்கொண்டு.

"நல்ல மனசு அன்னா அவங்களுக்கு!" என்றான். பிறகு கையை எடுத்தான்.

கொடுவா ஒரு கணம் நின்றது. வாலை ஒருமுறை அசைத்தது. போய்விட்டது. கிரண் எழுந்து, கைகளைத் தட்டி, ஆன்ட்டியோடு ஹைஃபை தட்ட உள்ளங்கையை நீட்டினான். ஆன்ட்டி அந்தக் கையைப் பார்த்தார். தண்ணீரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"வழுக்கிட்டுதா?"

அந்தக் குரலில் கோபம் இல்லை. அதுதான் தாங்கவில்லை. கடைத்தெருவில் பையைத் தொலைத்தவர் கேட்பதுபோலக் கேட்டார். ஏதாவது செய்ய வேண்டும் என்று தோன்றியது, குதித்துவிட்டேன்.

ஆமாம், மீனைப் பிடிக்க. நீச்சல் தெரியாதவன், மிதவைச் சட்டையோடு, கடலில் நீந்திப்போகும் கொடுவாவைக் கையால் பிடிக்க. அந்த நேரத்தில் அது சரியான திட்டமாகத்தான் பட்டது.

நான் மூழ்கவில்லை. கரையை ஒட்டிய அந்த இடத்தில் தண்ணீர் இடுப்பளவுதான். அதற்குக் கீழே தொடையளவு சேறு. குதித்த வேகத்தில் நட்ட கம்பம்போல இறங்கி நின்றுவிட்டேன். ஒரு காலை எடுத்தால் மற்றக் கால் இன்னும் கீழே போனது. கிரண் தெலுங்கில் என் குலத்தையே திட்டினான். படகோட்டி வீடியோ எடுக்க ஆரம்பித்தார்.

யாரும் எதிர்பாராத வகையில் செல்லத்துரை அங்கிள் எழுந்தார். கிளம்பியதிலிருந்து விளிம்பை விடாதவர் விளிம்பை விட்டார். படகின் ஓரத்தில் மண்டியிட்டு, இரண்டு கையையும் நீட்டினார்.

"கையக் குடுங்க மாப்ள."

நான் கையைக் கொடுத்தேன். அவர் இழுத்தார், ஆன்ட்டி அவரை இழுத்தார், கிரண் ஆன்ட்டியை இழுத்தான். சேறு பெரிய ஓசையோடு என்னை விட்டது. பேன்டை மட்டும் விடவில்லை. எலாஸ்டிக் வைத்த இடுப்பு, அத்தனை பாக்கெட்டிலும் சேறு, அது அங்கேயே தங்க முடிவு செய்துவிட்டது. வருங்கால மாமியார் முன்னால் நான் படகில் வந்து விழுந்தபோது மானத்தைக் காக்க ஒன்றே ஒன்று மிஞ்சியிருந்தது. அதுவும் மிகப் பழையது. ஆன்ட்டி "முருகா" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். அங்கிள் தோளிலிருந்த துண்டை எடுத்து என் இடுப்பில் சுற்றினார்.

குடிலின் பின்பக்கம் குழாயடியில் உட்காரவைத்து அவரே என்மேல் தண்ணீர் ஊற்றினார். அவர் என்னை மாப்பிள்ளை என்று அழைத்தது அப்போதுதான் என் மண்டையில் ஏறியது. தவறி வந்திருக்கும், கேட்டால் திரும்ப வாங்கிக்கொள்வார் என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

"கல்யாணத்துக்கு முந்தி ஓசூர்ல வேல பாத்தேன்" என்றார் அவர் திடீரென்று. "தெலுங்குக்காரங்க வீட்டு மாடியிலதான் குடியிருந்தேன். பேச வராது. ஆனா யாராவது திட்டி வஞ்சா நல்லாப் புரியும்."

என் கையிலிருந்த சோப்பு நழுவியது.

"கொக்குன்னானே, அப்பலேருந்து கேட்டுட்டுத்தான் வாரேன்." அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. காலையிலிருந்து இருமலாக மாற்றியதெல்லாம் மொத்தமாக வெளியே வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அலசுதானாம்ல, அலசுதான்!"

"அங்கிள், நான் வேணும்னு..."

"இருங்க. எங்கம்மா இருந்த வரைக்கும் அவ சொன்னத எம்பொஞ்சாதிகிட்டயும், இவ சொன்னத அவகிட்டயும் மாத்தி மாத்திச் சொல்லியே எனக்கு முடியெல்லாம் போச்சு. ஒரு சண்ட நடக்கல தெரியுமா? அது எல்லாருக்கும் வராது. உங்களுக்கு வருது." ஒரு செம்பு தண்ணீரை என் தலையில் ஊற்றினார். "எம்பொண்ணு அவ அம்மாவ மாதிரியே பேசுவா. உங்கம்மாவும் லேசுப்பட்டவுகளாத் தெரியல. நீங்க சமாளிச்சுக்கிடுவீங்க. எனக்கும் வயசாச்சு மாப்ள, இனி இந்த வேலைய நீங்க பாருங்க."

உள்ளேயிருந்து ஆன்ட்டியின் குரல் வந்தது. "ஏங்க, அந்தப் பய வேணும்னேதான மீன விட்டான்?"

அங்கிள் என்னைப் பார்த்தார். பிறகு கம்பீரமாகக் குரல் கொடுத்தார். "சேச்சே, கை வழுக்கிட்டுதாம். பாவம், அழுதுட்டு இருக்கான்."

எனக்கு நிஜமாகவே அழுகை வந்தது. சோப்பு கண்ணில் பட்டுவிட்டது என்று சொல்லிக்கொண்டேன்.

கல்யாணம் நடந்தது; அங்கிள் மாமாவானார், ஆன்ட்டி அத்தையானார். மறுவீட்டு விருந்தில் நாலு பேருக்கு முன்னால் மாமாவே குட்டைப் போட்டு உடைத்தார். அத்தை ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. பிறகு கிரண் எடுத்த படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டினார். வருகிறவர்களிடமெல்லாம் மீனைக் காட்டி, "இத எம்மருமவன் நடுக்கடலுல அலசியே தொலைச்சாரு" என்பார். இப்போது எங்கள் இரண்டு குடும்பத்திலும் பொய் என்ற சொல்லே கிடையாது. அலசுறது என்றுதான் சொல்கிறோம். தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில் சொல்லும் என் மகளுக்குக்கூட இந்த ஒரு தமிழ்ச் சொல் சுத்தமாக வருகிறது. ஹோம்வொர்க் முடித்தாயா என்றால், முடிந்தது அப்பா என்று தெலுங்கில் சொல்லிவிட்டு, "அலசல!" என்று தமிழில் முடிக்கிறாள்.

போன வாரம் அத்தை தூத்துக்குடியிலிருந்து கருவாடு அனுப்பியிருந்தார். என் அம்மா பொட்டலத்தைப் பிரித்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டு, "ஐயோ நக்கோடா, தெருவே காலியாயிடும், பால்கனியில வை" என்றாள். அன்று சாயங்காலமே அத்தையிடமிருந்து போன்.

"உங்கம்மா கருவாட்டப் பாத்து என்ன சொன்னாக?"

"ரொம்ப சந்தோஷப்பட்டாங்க அத்தை. பத்திரமா எடுத்து வெச்சிருக்காங்க."

எதிர்முனையில் பின்னால் மாமா இருமுவது கேட்டது.

"நல்லா செவுளுக்குள்ள அலசுங்க மாப்ள" என்றார் அத்தை.